மாயப் புத்தகக் கதையை எடைபோடுவது எப்படி? 'முடிவற்ற கதை'யை முன்வைத்து

அக்கா மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன கோடை விடுமுறையில் தடித்த நாவல் ஒன்றைப் பத்து நாளில் முடித்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "மாமா, முதல் பாதி சூப்பர். ரெண்டாவது பாதி ஏன் இப்படி இழுக்குது? ஆனா கடைசியில அழுகை வந்துடுச்சு. அப்ப இது நல்ல புத்தகமா, இல்லையா?"

அன்று அரைகுறையாக ஏதோ சொன்னேன். பிறகு அதே நாவலை எடுத்து மறுபடி முழுக்கப் படித்தேன். அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறேன். மாயக் கதைகள் பிடிக்கும், ஆனால் 'எது நன்றாக இருக்கிறது, எது சறுக்குகிறது' என்று பிரித்துச் சொல்ல வரவில்லை என்கிற எவருக்கும் இது பயன்படலாம்.

அவள் படித்தது ஜெர்மன் எழுத்தாளர் மிஹாயேல் எண்டே 1979-இல் வெளியிட்ட நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு. ஜெர்மன் தலைப்பை அப்படியே தமிழில் சொன்னால் 'முடிவற்ற கதை'. இனி அந்தப் பெயரிலேயே குறிப்பிடுகிறேன். கதையை முழுவதும் பேசாமல் அதன் பலத்தையும் பலவீனத்தையும் பேச முடியாது. ஆகவே முடிவு தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் நாவலைப் படித்துவிட்டு வாருங்கள்.

மாயப் புத்தகம் என்றால் என்ன?

ஃபேன்டஸி கதைகளில் மாயம் ஏதோ ஒரு பொருளில் குடியிருக்கும். மோதிரம், வாள், கண்ணாடி, விளக்கு. சில கதைகளில் அந்தப் பொருள் புத்தகம். திறந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும் புத்தகம், எழுதியதெல்லாம் நடந்துவிடும் புத்தகம், உரக்க வாசித்தால் பாத்திரங்கள் எழுந்து வெளியே வரும் புத்தகம்.

மற்றப் பொருள்களுக்கும் புத்தகத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மாய மோதிரக் கதையைப் படிக்கும்போது உங்கள் விரலில் அந்த மோதிரம் இல்லை. மாயப் புத்தகக் கதையைப் படிக்கும்போதோ உங்கள் கையில் உண்மையாகவே ஒரு புத்தகம் இருக்கிறது. கதைக்குள் இருக்கும் பையன் பக்கத்தைப் புரட்டுகிறான்; நீங்களும் புரட்டுகிறீர்கள். அவன் அடுத்து என்ன என்று தவிக்கிறான், நீங்களும் தவிக்கிறீர்கள். வேறு எந்த மாயப் பொருளாலும் இந்த நெருக்கத்தைத் தர முடியாது.

இதிலேயே ஆபத்தும் இருக்கிறது. புத்தகத்தைப் பற்றிப் புத்தகம் எழுதும்போது வாசகனைத் தட்டிக்கொடுப்பது ரொம்பச் சுலபம். 'நீ புத்தகம் படிக்கிறாய், அதனால் நீ உயர்ந்தவன், மற்றவர்களுக்குக் கற்பனை வறண்டுவிட்டது' என்று சொல்லிவிட்டால் புத்தகப் பிரியர்கள் எல்லோரும் மகிழ்ந்துபோவார்கள். இந்த வகையில் நான் படித்த பல நாவல்கள் அந்த இடத்தோடு நின்றுவிட்டன.

அப்படியானால் நல்லதை எதைக் கொண்டு அறிவது? நான் இரண்டு விஷயங்களைப் பார்ப்பேன்: மாயத்தின் விதி, மாயத்தின் விலை. நம் வேதாளக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் சுமந்து வர வேண்டும். வழியில் வாய் திறக்கக் கூடாது. வேதாளம் ஒரு கதை சொல்லிக் கடைசியில் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். சொன்னாலோ மௌனம் கலைந்து வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். விதி எவ்வளவு தெளிவு பாருங்கள். விலையும் எவ்வளவு கூர்மை! அரசனின் அறிவுதான் அவன் பெருமை. அந்த அறிவே ஒவ்வொரு முறையும் அவன் நடந்த தூரத்தையெல்லாம் வீணாக்குகிறது. குழந்தையாக இருந்தபோது இதைக் கேட்டு நாம் ஏன் பதறினோம் என்பதற்குக் காரணம் இதுதான்.

விதி தெளிவாக இல்லாத கதையில், ஆசிரியர் மாட்டிக்கொண்ட இடத்திலெல்லாம் மாயம் ஓடிவந்து காப்பாற்றும். இரண்டு முறை அப்படி நடந்தால் மூன்றாவது முறை நமக்குப் பயமே வராது. விலை இல்லாத கதையிலோ பாத்திரத்துக்குக் கேட்டதெல்லாம் கிடைத்துக்கொண்டே போகும். நாம் வேடிக்கை பார்ப்போம், அவ்வளவுதான். மாயப் புத்தகக் கதைக்கு இன்னொரு கேள்வியும் சேர்கிறது. கதைக்குள் இருக்கும் வாசகன் விலை கொடுக்கும்போது, வெளியே இருக்கும் வாசகராகிய நமக்கு என்ன ஆகிறது?

பரணில் ஒரு பையன்

பாஸ்டியனுக்குப் பத்து அல்லது பதினோரு வயது. குண்டான, பயந்த சுபாவமுள்ள பையன்; பள்ளியில் கேலிப்பொருள். அம்மா இறந்துவிட்டாள். அப்பா பல் செட் செய்து கொடுப்பவர். மனைவி போனபின் மகனோடு பேசுவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டார். மழை கொட்டும் ஒரு காலையில், துரத்தி வரும் பையன்களிடமிருந்து தப்பிக்கப் பாஸ்டியன் பழைய புத்தகக் கடை ஒன்றுக்குள் நுழைகிறான். கடைக்காரர் கோரியாண்டர் சிடுமூஞ்சி. அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போது, அவர் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். பள்ளிக்கூடத்தின் பரணில் ஒளிந்து படிக்கத் தொடங்குகிறான்.

அவன் திருடிய புத்தகத்தை எண்டே வர்ணிக்கிறார். செம்பு நிறப் பட்டு அட்டை. ஒன்றின் வாலை ஒன்று கவ்விய இரண்டு பாம்புகள். உள்ளே இரண்டு நிறத்தில் அச்சு. ஒவ்வோர் அத்தியாயத் தொடக்கத்திலும் பெரிய அலங்கார எழுத்து. தலைப்பு: 'முடிவற்ற கதை'.

இப்போது உங்கள் கையில் இருக்கும் புத்தகத்தைப் பாருங்கள். முறையாக அச்சிட்ட பதிப்பு என்றால் அதுவும் இரண்டு நிறத்தில்தான் இருக்கும். மனித உலகில் நடப்பது சிவப்பு. மாய உலகமான ஃபந்தாசியாவில் நடப்பது பச்சை. 26 அத்தியாயங்கள், முதல் அத்தியாயம் 'ஏ' எழுத்தில் தொடங்கிக் கடைசி அத்தியாயம் 'இசட்' எழுத்தில் தொடங்குகிறது. 1983-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ரால்ஃப் மான்ஹைமும் இந்த வரிசையை விடவில்லை. (தமிழில் யாராவது செய்தால் ஆத்திசூடி மாதிரி அகர வரிசையில் கொண்டுபோக வேண்டியிருக்கும். எத்தனை அத்தியாயம் வரும் என்று நினைத்தாலே ஆசையாக இருக்கிறது.) பாஸ்டியன் திருடிய புத்தகமும் நாம் காசு கொடுத்து வாங்கிய புத்தகமும் ஒன்றுதான் என்று முதல் அத்தியாயத்துக்கு முன்பே நம்ப வைத்துவிடுகிறார். இதை நான் வெறும் அலங்காரமாகப் பார்க்கவில்லை. நாவலின் முதல் பெரிய பலம் இந்த அச்சு வடிவம்தான். இதன் மதிப்பு இரண்டாம் பாதியில்தான் முழுதாகத் தெரியும்.

பச்சைப் பக்கங்களில் ஃபந்தாசியா அழிந்துகொண்டிருக்கிறது. 'இன்மை' என்ற ஒன்று அதைத் தின்கிறது. அது இருட்டு அல்ல, பள்ளமும் அல்ல. அந்தத் திசையில் பார்த்தால் கண்ணே குருடாகிவிட்டது போலத் தோன்றும், அவ்வளவுதான். இப்படி ஓர் அழிவை வேறு எங்கும் நான் படித்ததில்லை. அரக்கன் என்றால் எதிர்த்து நிற்கலாம். இல்லாத ஒன்றை எப்படி எதிர்ப்பது? ஃபந்தாசியாவை ஆளும் குழந்தைப் பேரரசி நோயில் கிடக்கிறாள். மருந்து தேடி அட்ரேயு என்ற வேட்டைச் சிறுவன் புறப்படுகிறான். அவனுக்கும் வயது பத்துதான். சதுப்பில் குதிரையை இழக்கிறான், அதிர்ஷ்ட நாகம் (பறக்கும் டிராகன்) ஃபுகூரைத் துணையாகப் பெறுகிறான், மூன்று வாயில்களைக் கடக்கிறான். பேரரசிக்கு ஒரு புதுப் பெயர் வேண்டும், அதை மனிதக் குழந்தைதான் சூட்ட முடியும் என்று அறிகிறான்.

இதற்கு நடுவே சிவப்பு வரிகள் வந்து வந்து போகின்றன. கோபுரக் கடிகாரம் மணி அடிக்கிறது. பாஸ்டியனுக்குப் பசிக்கிறது, குளிர்கிறது, போர்வையைப் போர்த்திக்கொள்கிறான். கொடூரமான ஓர் உருவத்தைப் பற்றிப் படிக்கும்போது அவன் வாய்விட்டு அலறுகிறான். அடுத்த பச்சை வரியில் அந்த அலறல் கதைக்குள் கேட்கிறது! பிறகு மாயக் கண்ணாடி வாயிலில் அட்ரேயு தன்னைப் பார்க்கப் போனால், அங்கே தெரிவது பரணில் போர்வையோடு உட்கார்ந்து புத்தகம் படிக்கும் குண்டுப் பையன். அதைப் படிக்கும் பாஸ்டியனுக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. நமக்கும்தான்.

பெயர் என்னவென்று பாஸ்டியனுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனாலும் வாய் திறக்க மாட்டேன் என்கிறான். வெட்கம்தான் காரணம். குட்டைக்கால் குண்டுப் பையன் பேரரசியின் முன்னால் எப்படிப் போய் நிற்பான்? உலகம் அழிந்துகொண்டிருக்கும்போது ஒரு குழந்தையின் தாழ்வு மனப்பான்மை குறுக்கே நிற்கிறது. இவ்வளவு உண்மையான தடையை மாயக் கதையில் வைக்கத் துணிந்ததற்காகவே எண்டேயைப் பிடிக்கும். அவனை அசைக்கப் பேரரசி ஒரு வழி கண்டுபிடிக்கிறாள். அலையும் மலையில் ஒரு முதியவர் இருக்கிறார். நடப்பதையெல்லாம் அவர் எழுதுகிறார்; அவர் எழுதுவதெல்லாம் நடக்கிறது. அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து வாசிக்கச் சொல்கிறாள். முதியவர் வாசிக்கிறார்: மழை, பழைய புத்தகக் கடை, உள்ளே நுழையும் பையன், திருட்டு, பரண். கதை சுழன்று அதே இடத்துக்கு வருகிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. பாஸ்டியன் பெயரைச் சொல்லாதவரை இந்தச் சுழல் நிற்காது. எல்லோரும் இதற்குள்ளேயே சிக்கிக்கிடப்பார்கள். கடைசியில் அவன் கத்துகிறான்: "நிலாக்குழந்தையே, வருகிறேன்!"

26 அத்தியாயத்தில் இது 12-ஆவது அத்தியாயத்தின் முடிவு. ஏறக்குறைய நடுப்பகுதி. பல நாவல்கள் இங்கே முடிந்திருக்கும்.

விலை தொடங்கும் இடம்

உள்ளே போன பாஸ்டியனிடம் பேரரசி ஒரு பதக்கத்தைக் கொடுக்கிறாள். அதன் பெயர் ஔரின். பின்புறம் 'நீ விரும்புவதைச் செய்' என்று பொறித்திருக்கிறது. அழிந்துபோன ஃபந்தாசியாவை அவன் தன் ஆசைகளாலேயே மறுபடி படைக்க வேண்டும். அவன் ஆசைப்பட்டதும் இருளில் ஒரு காடு முளைக்கிறது. காடு பகலில் பல நிறப் பாலைவனமாக மாறுகிறது. அதில் ஒரு சிங்கம் பிறக்கிறது. அழகு கேட்கிறான், அழகனாகிறான். வலிமை கேட்கிறான், வலியவனாகிறான்.

ஒவ்வோர் ஆசையும் நிறைவேறும்போது அவனுடைய பழைய வாழ்க்கையின் ஒரு நினைவு அழிகிறது. அழகனானதும், தான் குண்டாக இருந்தவன் என்பதே அவனுக்கு மறந்துபோகிறது. மறந்ததும் தெரியாது. நினைவு எல்லாம் தீர்ந்துவிட்டால் ஆசைப்படவும் முடியாது. ஆசையில்லாமல் வீடு திரும்பவும் முடியாது.

இந்த விதியைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். உங்களிடம் இல்லாததைத்தான் நீங்கள் ஆசைப்படுவீர்கள். அது கிடைத்ததும், இல்லாமல் இருந்த காலம் அழிந்துவிடுகிறது. அப்படியானால் கிடைத்ததன் மகிழ்ச்சி எங்கே? குண்டாக இருந்து ஒல்லியானவனுக்குத்தான் ஒல்லியாக இருப்பதன் சந்தோஷம் தெரியும். பாஸ்டியனுக்கு அது ஐந்து நிமிடம்கூட நிலைப்பதில்லை. மாயம் வெளியிலிருந்து தண்டனை எதுவும் தருவதில்லை. ஆசையின் உள்ளேயே விலை ஒளிந்திருக்கிறது. வேதாளக் கதையின் கூர்மை இங்கேயும் இருக்கிறது.

விலையை அவன் மட்டும் கொடுப்பதில்லை. அச்சாராய் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. தங்கள் அவலட்சணத்தை நினைத்து ஓயாமல் அழும் புழுப் போன்ற உயிர்கள். அந்தக் கண்ணீர்தான் வெள்ளித் தாதைக் கரைத்துத் தருகிறது. அந்த வெள்ளியில்தான் ஒரு நகரமே கட்டியிருக்கிறார்கள். பாஸ்டியன் இரக்கப்பட்டு, எந்நேரமும் சிரிக்கும் வண்ணப்பூச்சிகளாக அவற்றை மாற்றிவிடுகிறான். நல்ல காரியம் அல்லவா? அந்தப் பூச்சிகள் எதையும் மதிக்காத, எதிலும் நிலைக்காத கும்பலாகிவிடுகின்றன. நாவலின் கடைசிப் பகுதியில் அவை திரும்பி வந்து அவன் வாழ்வையே குலைக்கின்றன. யோசிக்காமல் செய்த தர்மம் எப்படிக் கெடும் என்பதைக் குழந்தைக் கதைக்குள் இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்கிறார்.

விதியின் கடைக்கோடியும் காட்டப்படுகிறது. பாஸ்டியனுக்கு முன்னால் வந்த மனிதர்கள் வாழும் பழைய பேரரசர்களின் நகரம். எல்லோரும் ஆசைப்பட்டுப் பட்டு நினைவு முழுவதையும் தொலைத்தவர்கள். ஒரு குரங்கு அவர்களுக்கு எழுத்துகள் பொறித்த பகடைகளைக் கொடுத்து விளையாட வைத்திருக்கிறது. உருட்டிக்கொண்டே இருந்தால் என்றாவது தற்செயலாகச் சொற்கள் அமையும், சொற்கள் சேர்ந்து கதை அமையும். சொந்தக் கதை இல்லாதவர்கள் அப்படித்தான் கதை சொல்ல முடியும். நள்ளிரவில் படித்தேன், புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இனி அச்சு நிறத்துக்கு வருகிறேன். பாஸ்டியன் உள்ளே போனபின் சிவப்பு வரிகள் நின்றுவிடுகின்றன. அவன் வீடு திரும்பும்வரை பக்கம் பக்கமாகப் பச்சை மட்டும்தான். முதல் பாதியில் பரணில் உட்கார்ந்து படிக்க ஒருவன் இருந்தான். இப்போது அந்த இடம் காலி. யார் படிக்கிறார்கள்? நாம்தான். அவன் மறந்ததையெல்லாம் நினைவில் வைத்திருப்பதும் நாம் மட்டுமே. தன்னை மாவீரன் என்று அவன் பேசும்போது, 'அடேய், மழையில் நனைந்து பயந்து ஓடிவந்தவன் நீ' என்று சொல்ல நமக்கு வாய் துடிக்கிறது. அட்ரேயுவுக்காக அவன் அலறியது உள்ளே கேட்டது. அவனுக்காக நாம் அலறுவது உள்ளே கேட்பதில்லை. அக்கா மகளுக்குக் கடைசியில் ஏன் அழுகை வந்தது என்பது எனக்கு இங்கேதான் புரிந்தது. இரண்டாம் பாதி முழுக்க அவனுடைய நினைவை அவள் தன் தலையில் சுமந்திருக்கிறாள்.

எங்கே சறுக்குகிறது

அவள் சொன்ன 'இழுவை'யும் உண்மை. அதன் வேரும் இங்கேயேதான் இருக்கிறது. சிவப்பு வரிகள் போனதும் கடிகார மணி போய்விட்டது. முதல் பாதியில் பேரரசி சாகும் முன் மருந்து வேண்டும், இன்மை நெருங்குகிறது, பரணில் இருட்டிக்கொண்டு வருகிறது. எல்லாம் ஒரே திசையில் ஓடுகின்றன. இரண்டாம் பாதியில் கெடு எதுவும் இல்லை. ஓர் ஆசை, ஓர் ஊர், ஒரு சாகசம். அடுத்த ஆசை, அடுத்த ஊர். நினைவு கரைவதுதான் உண்மையான கெடு. ஆனால் அது பாஸ்டியனுக்கே தெரியாததால் அவன் அவசரப்படுவதில்லை. அவன் அவசரப்படாததால் பக்கமும் ஓடுவதில்லை. வாசகனை நினைவின் காவலனாக்க எண்டே எடுத்த முடிவே கதையின் வேகத்தைத் தின்றுவிட்டது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைத் திருத்த முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். முடியாது என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் நடுவில் வரும் ஊர்களில் இரண்டு மூன்றைக் குறைத்திருக்கலாம்.

இதைவிட எனக்கு உறுத்துவது க்ஸாயிடே என்ற சூனியக்காரி. பாஸ்டியன் அதிகாரப் பித்துப் பிடித்து, பேரரசியின் இடத்தில் தானே உட்கார நினைத்து, போரில் அட்ரேயுவின் மார்பில் வாளைப் பாய்ச்சும் அளவுக்குப் போகிறான். அவன் காதில் ஓதிக்கொண்டே இருப்பவள் இவள். இவள் எதற்கு? விதி ஏற்கெனவே போதுமானதாக இருக்கிறது. தன் ஆசைகளாலேயே ஒருவன் கெடுகிறான் என்பதுதான் கதை. அதில் ஒரு வில்லியைக் கொண்டுவந்து நிறுத்தினால் பழியில் பாதி அவள்மேல் போய்விடுகிறது. உள்ளே கூடாக இருக்கும் இரும்புக் கவசங்களை மனவலிமையால் நடத்துபவள் என்பது அருமையான கற்பனைதான். ஆனாலும் பாஸ்டியன் தனியாகவே விழுந்திருந்தால் இன்னும் வலித்திருக்கும்.

சில இடங்களில் எண்டே கதையை நிறுத்திவிட்டுக் கருத்தை விளக்குகிறார். இன்மைக்குள் விழும் ஃபந்தாசியா உயிர்கள் மனித உலகில் பொய்களாக மாறிவிடுகின்றன என்று ஓர் இடம் வருகிறது. கற்பனை செத்தால் பொய்யாக அழுகும். அந்த எண்ணம் என்னைப் பல நாள் விடவில்லை. ஆனால் அது சங்கிலியில் கட்டுண்ட ஓநாய் மனிதன் ஒருவனின் சொற்பொழிவாக வருகிறது, நடந்து காட்டப்படவில்லை. பகடை உருட்டும் பேரரசர்களைக் கண்முன் நிறுத்திய அதே கை இங்கே கரும்பலகையில் எழுதுகிறது. பெண் பாத்திரங்களும் எனக்குக் குறையாகவே படுகின்றன. நோயாளி அரசி, சூனியக்காரி, பழம் ஊட்டும் தாய் என்று யாராவது ஒருத்தி வந்துகொண்டே இருக்கிறாள். அட்ரேயு போல வழி தேடி நடக்கிற சிறுமி ஒருத்திகூட இல்லை.

முதல் பாதி பற்றியும் ஒரு புகார் எழும். அட்ரேயு அலைந்து திரிந்து கொண்டுவந்த செய்தி பேரரசிக்கு முன்பே தெரியும்! பின் எதற்கு அவனை அனுப்பினாள்? குதிரையைச் சதுப்புக்குப் பலி கொடுத்தது வீண்தானா? ஏமாற்றப்பட்டதாகக் கோபப்படுபவர்கள் உண்டு. நான் இதைப் பலத்தின் பக்கம் வைப்பேன். அட்ரேயுவின் பயணம் மருந்து தேடுவதற்காக நடக்கவில்லை. அவனோடு சேர்ந்து ஒரு வாசகன் பயந்து, அழுது, அவன் பின்னால் கதைக்குள் வர வேண்டும், அதற்காக நடந்தது. செய்தியை அரசியே சொல்லியிருந்தால் பரணில் இருக்கும் பையன் ஏன் கவலைப்படப் போகிறான்? விதி ஒன்றுதான், நாம் அதைத் தாமதமாகத் தெரிந்துகொள்கிறோம். விதியை ஒளித்துவைப்பது வேறு, நடுவழியில் மாற்றுவது வேறு. புதிதாகப் படிக்கிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

விதி வளைகிறதோ என்று எனக்கே சந்தேகம் வந்த இடம் முடிவில் இருக்கிறது. பாஸ்டியன் படகோட்டிகளின் நாட்டுக்கு வருகிறான். அங்கே 'நான்' என்ற சொல்லே இல்லை, எல்லாம் 'நாங்கள்'. ஒருவனைப் பெரிய காகம் தூக்கிக்கொண்டு போனாலும் யாரும் அழுவதில்லை, ஏனென்றால் அவர்களைப் பொறுத்தவரை யாரும் குறைந்துபோகவில்லை. அதைக் கண்டபின்தான் தான் எப்படி இருக்கிறானோ அப்படியே தன்னை யாராவது நேசிக்க வேண்டும் என்ற ஆசை அவனுக்குப் பிறக்கிறது. பிறகு யோர் என்ற பார்வையிழந்த சுரங்கத் தொழிலாளியிடம் வேலைக்குச் சேர்கிறான். அந்தச் சுரங்கத்தில் மனிதர்கள் மறந்துபோன கனவுகள் மெல்லிய படங்களாகப் படிந்து கிடக்கின்றன. (எண்டேயின் அப்பா எட்கர் எண்டே ஓர் ஓவியர். நாஜி ஆட்சி அவர் படங்களைக் காட்சிக்கு வைக்கவிடாமல் தடுத்தது. படங்களைப் பூமிக்குள்ளிருந்து அகழ்ந்தெடுக்கும் இந்தக் காட்சியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.) பல நாள் தோண்டி, பனிக்கட்டிக்குள் உறைந்து நிற்கும் ஒருவரின் படத்தைப் பாஸ்டியன் கண்டெடுக்கிறான். அது அவன் அப்பா. அடையாளம் தெரியவில்லை, ஆனால் ஏக்கம் தாங்கவில்லை. அந்த ஏக்கத்துக்கு விலையாகத் தன் பெயரையும் இழக்கிறான். அந்தப் படத்தையும் சிரிப்புப் பூச்சிகள் வந்து கும்மாளமிட்டு உடைத்துவிடுகின்றன.

பெயரும் இல்லை, படமும் இல்லை. வீடு திரும்பும் வழியான வாழ்வின் நீரூற்றுக்குள் அவனை எப்படி விடுவார்கள்? அப்போது அட்ரேயு வருகிறான், வாளால் குத்துப்பட்ட அதே அட்ரேயு. பாஸ்டியனின் பெயரை அவன் சொல்கிறான். இதுவரை பாஸ்டியன் சொன்னதையெல்லாம் அவன் நினைவில் வைத்திருக்கிறான். நீ தொடங்கிய கதைகளையெல்லாம் முடித்தாயா என்று ஊற்று கேட்கும்போது, அவற்றை நான் முடிக்கிறேன் என்று நண்பனுக்காக வாக்குக் கொடுக்கிறான். விலையைக் கொடுக்க வேண்டியவன் ஒருவன், கொடுப்பவன் வேறொருவன். விதி வளைகிறதுதான். ஆனால் அந்த வளைவு மாயத்திலிருந்து வரவில்லை, நட்பிலிருந்து வருகிறது. அதற்கான முதலீடு முதல் அத்தியாயங்களிலேயே போட்டாகிவிட்டது. பாஸ்டியன் ஒரு காலத்தில் அட்ரேயுவை நினைத்துக் கண்ணீர்விட்ட வாசகன். இப்போது அட்ரேயு பாஸ்டியனை நினைவில் வைத்திருக்கும் வாசகன் ஆகிவிட்டான். நாம் தனியாகச் சுமந்துவந்ததைப் பகிர்ந்துகொள்ளக் கதைக்குள்ளேயே ஒருவன் கிடைத்துவிட்டான். இந்த இடத்தை நான் மனதார ஏற்றுக்கொள்கிறேன்.

விலையை எடுத்துவிட்டால்

இதையெல்லாம் சோதித்துப் பார்க்க ஒரு வசதி இருக்கிறது. 1984-இல் வோல்ஃப்காங் பீட்டர்சன் இயக்கத்தில் வந்த படம் நாவலின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. எண்டேவுக்குப் படம் பிடிக்கவில்லை. தன்னை அதிலிருந்து விலக்கிக்கொண்டார். படத்தின் முடிவில் பாஸ்டியன் ஆசைப்படுகிறான், எல்லாம் கிடைக்கிறது, நாகத்தின் மேலேறிப் பறந்து தன்னைக் கேலி செய்த பையன்களைத் துரத்துகிறான். அந்தக் காட்சி சிறுவர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் நாவலில் எங்கே ஆபத்து தொடங்குகிறதோ அங்கே படம் பரிசு கொடுத்து முடித்துவிடுகிறது. படத்தை முதலில் பார்த்துவிட்டு நாவலுக்கு வருபவர்கள் இரண்டாம் பாதியில் திகைப்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு ஜெர்மன் நாவலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கொர்னேலியா ஃபுங்கே 2003-இல் எழுதிய 'மை இதயம்'. அதில் மோ என்ற புத்தகம் பைண்டு செய்பவர் உரக்க வாசித்தால் கதையிலிருந்து ஆட்கள் வெளியே வந்துவிடுவார்கள். பதிலுக்கு இங்கிருந்து யாராவது உள்ளே போய்விடுவார்கள். அப்படித்தான் அவர் மனைவியை இழக்கிறார். அதன்பின் மகளுக்கு ஒரு கதைகூட வாசித்துக்காட்டுவதில்லை. விதி ஒற்றை வரி, விலை உடனடி. இந்த விஷயத்தில் எண்டேயைவிட ஃபுங்கே தெளிவு. ஆனால் பிடிபடுவது, தப்பிப்பது, மறுபடி பிடிபடுவது என்று கதை ஒரே தடத்தில் சுற்றுகிறது. விலையை ஆரம்பத்திலேயே கொடுத்துவிட்டதால் பிறகு அது பெரிதாக வளர்வதில்லை. எண்டேயிடமோ ஒவ்வோர் அத்தியாயத்திலும் கடன் ஏறுகிறது.

நாவலை வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு நிறத்தில் அச்சான பதிப்பாகத் தேடி வாங்குங்கள். சில மலிவுப் பதிப்புகளில் நிறத்துக்குப் பதில் சாய்வெழுத்தைப் போட்டிருக்கிறார்கள். சிவப்பு மறைவதன் வலி அதில் பாதிதான் வரும். இரண்டாம் பாதியை ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் போதும். ஒவ்வொன்றும் தனிக் கதை போல நிற்கும். அத்தியாயம் முடியும்போது, இப்போது பாஸ்டியனுக்கு எது மறந்துபோயிருக்கும் என்று மட்டும் நினைத்துப் பாருங்கள். அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பட்டியலே போட்டுவிட்டாள்.

அவள் பட்டியலின் கடைசி வரியைக் காட்டி, "மாமா, அவன் திருடின புத்தகம் எங்க போச்சு?" என்று கேட்டாள். வீடு திரும்பிய பாஸ்டியன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்கிறான், அப்பா அழுகிறார். மறுநாள் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறான். புத்தகத்தைத் திருடினேன், இப்போது அது என்னிடம் இல்லை, காணோம் என்கிறான். அப்படி ஒரு புத்தகம் தன்னிடம் இருந்ததே இல்லை என்கிறார் கோரியாண்டர். அந்தச் சிவப்பு வரிகளை அவளிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள். பிறகு கையிலிருந்த புத்தகத்தை மூடி, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.